ஒரு கட்டமா, இரண்டு கட்டமா

ராஜாங்கத்தின் கார்டு வந்து அன்றோடு மூன்று நாள். மாலை நான்கு மணிக்குத் தபால் பெட்டியைத் திறந்து எடுத்துப் போவதற்குள் பதில் அதில் விழுந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் தாண்டினால் ஆட்டம் தோற்றதாகக் கணக்கு என்று பதினான்கு மாதங்களுக்கு முன்பு, முதல் கார்டிலேயே பேசி வைத்துக்கொண்டது அது.

செஞ்சி கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த மஜீதும், தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்த பாண்டுரங்கனும் ஒரு கட்சி. திருவண்ணாமலையில் இருந்த ராஜாங்கம் எதிர்க்கட்சி. ஒரு வாரப் பத்திரிகையின் சதுரங்கப் பகுதியில் ‘தபாலில் ஆட விரும்புவோர்’ என்று அச்சாகியிருந்த முகவரிகளிலிருந்து அவரைப் பிடித்தார்கள். இருவரும் அவரை நேரில் பார்த்ததில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் ரிட்டயரான வாத்தியாராக இருக்க வேண்டும் என்று பாண்டுரங்கன் சொல்லுவார். 1963 ஆகஸ்டில் தொடங்கிய ஆட்டம் அடுத்த வருஷம் அக்டோபரில் இந்த இடத்துக்கு வந்து நின்றது.

பெரிய காய்களெல்லாம் வெட்டுப்பட்டுப் போய்விட்டன. மிஞ்சியவை ராஜாக்களும் சில சிப்பாய்களும்தான். நடுப்பலகையில் இரண்டு ராஜாக்களும், அடுத்தவன் சிப்பாயை மிரட்டிக்கொண்டு, தன் சிப்பாயைக் காத்துக்கொண்டு நின்றன. எந்த ராஜா முதலில் நகர்கிறதோ அதன் சிப்பாய் போகும், ஆட்டமும் போகும். இந்த முறை நான் சும்மா இருக்கிறேன் என்று சதுரங்கத்தில் சொல்ல முடியாது. ராஜாவை அசைக்காமல் முறையைக் கழிக்க ஓரத்துச் சிப்பாய்கள் மட்டுமே இருந்தன. இடது ஓரத்தில் இவர்களுடைய சிப்பாய் இன்னும் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பவில்லை. அதற்கும் எதிரே நின்ற ராஜாங்கத்தின் சிப்பாய்க்கும் நடுவில் மூன்று காலிக் கட்டங்கள். வலது ஓரத்திலும் இவர்கள் சிப்பாய் கிளம்பவில்லை. அங்கே இரண்டு காலிக் கட்டங்கள். கிளம்பாத சிப்பாய் முதல் தடவை ஒரு கட்டமும் போகலாம், இரண்டு கட்டமும் போகலாம். ராஜாங்கத்தின் சிப்பாய்கள் ஏற்கெனவே கிளம்பி வந்தவை. அவற்றுக்கு ஒவ்வொரு கட்டம்தான். காலிக் கட்டங்கள் தீர்ந்துபோகும்போது யார் முறையோ, அவர் ராஜாவை நகர்த்தியே ஆக வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாண்டுரங்கன் ஆபீசிலிருந்து கடைக்கு வந்துவிட்டார். டியூப்புகள் தொங்கும் சுவரோரம், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல் பலகை இருந்தது. மஜீத் உட்காரவில்லை. எப்போதுமே அவனால் உட்கார்ந்து யோசிக்க முடியாது. கையில் ஒரு ஸ்பானரைச் சுழற்றிக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“இடது ஓரத்துல ரெண்டு கட்டம் போடறேன் அண்ணே. அவரு ஒண்ணு வருவாரு. அங்க அடைஞ்சிடுச்சு. வலது ஓரத்துல ரெண்டு போடறேன். அங்கயும் அடைஞ்சிடுச்சு. இப்ப யாரு முறை? அவரு முறை. ராஜாவ நகத்தித்தானே ஆவணும்? ரெண்டே ஆட்டம். முடிஞ்சிது.”

“நீ சொல்றபடிதான் ஆடுவேன்னு அவரு உனக்கு எழுதிக் குடுத்திருக்காரா?”

“வேற இன்னா ஆடுவாரு?”

“தெரியல. தெரியாததாலதான் ஒரு கட்டம் போதும்னு சொல்றேன்,” என்றார் பாண்டுரங்கன். சிப்பாயைத் தொடாமல் விரலை மட்டும் கட்டத்தின் மேல் காட்டினார். “ஒண்ணு போட்டா இங்க ரெண்டு காலி, அங்க ரெண்டு காலி. அவரு எந்தப் பக்கம் ஒண்ணு வந்தாலும் அதே பக்கம் நானும் ஒண்ணு போயி அடைச்சுடுவேன். கடைசி ஆட்டம் எப்பவும் நம்மளுதா இருக்கும். அவரு இன்னா நினைக்கிறாருன்னு நான் தெரிஞ்சுக்கவே தேவையில்ல.”

“இது ஆட்டமா அண்ணே? ஆபீசுல பேப்பர் நகத்தற மாதிரி இருக்குது.”

“நகரட்டுமே. ஜெயிக்குதா இல்லியா, அதச் சொல்லு.”

“ஜெயிக்குது. ரெண்டு போட்டா சீக்கிரம் ஜெயிக்குது.”

“சீக்கிரம் ஜெயிச்சுட்டு எங்க போவப் போற?”

மஜீத் கடைக்கு வெளியே போய், காற்று அடிக்க வந்தவனுக்குப் பம்பை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே வந்தான். மூன்று நாளாக இதே பேச்சு. பதினான்கு மாதத்தில் இருபது இடத்திலாவது மஜீத் ஒன்று சொல்லி, பாண்டுரங்கன் வேறு ஒன்று சொல்லி, கடைசியில் பாண்டுரங்கன் சொன்னதே கார்டில் போயிருக்கிறது. அவர் குரலை உயர்த்த மாட்டார். சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். மஜீதுக்கு அதுதான் உடம்பெல்லாம் அரித்தது.

“சரி அண்ணே. ஒண்ணுதான்,” என்றான், திடீரென்று.

பாண்டுரங்கன் அவனை நிமிர்ந்து பார்த்தார். “நெசமாத்தான் சொல்றியா? எனக்காகச் சொல்லாத.”

“ஒண்ணுன்றேன் இல்ல. கையெழுத்துப் போடுங்க. ஆபீசுக்கு நேரமாவுது.”

கார்டின் அடியில் இருவரும் கையெழுத்துப் போடுவது வழக்கம். பாண்டுரங்கன் அவசரத்தில் இன்னும் ஒன்றும் எழுதாத கார்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் மஜீத் பேனாவை எடுத்தான். ‘இடது ஓரச் சிப்பாய்’ என்று எழுதும்வரை அவன் மனதில் ஒன்றுமில்லை என்றுதான் பிற்பாடு தன் மனைவியிடம் சொன்னான். அடுத்த வார்த்தையில் கை நின்றது. பிறகு ‘இரண்டு கட்டம்’ என்று எழுதி, தன் கையெழுத்தையும் போட்டான். மை காய்வதற்குள் எழுந்து நடந்தான். நடந்தான் என்பதைவிட ஓடினான் என்று சொல்லலாம். கார்டு பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

மறுநாள் புதன்கிழமை பாண்டுரங்கன் ஆபீசுக்குப் போகிற வழியில் கடை வாசலில் நின்றார்.

“போட்டுட்டியா?”

“போட்டுட்டேன் அண்ணே.”

“நாலுக்கு முன்னாடியே?”

“ரெண்டு மணிக்கே.”

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று முழுக்க மஜீதுக்கு ஒரு வேலையும் சரியாக ஓடவில்லை. ஒட்டுப் போட்ட டியூப்பிலேயே மறுபடி ஓட்டையைத் தேடினான். ஜெயித்த பிறகு சொல்லிவிடலாம், ராஜாங்கம் தோற்றதாக எழுதிய கார்டைப் பாண்டுரங்கன் கையில் கொடுத்துக்கொண்டே சொல்லிவிடலாம், அப்போது அவரும் சிரித்துவிடுவார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் எழுந்து தெருவைப் பார்த்தான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அது நடந்தது. தொண்டூர்க்காரர் ஒருவருடைய சைக்கிளின் பின்சக்கரத்தில் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். சக்கரம் சுற்ற, பார்வை பக்கத்திலிருந்த பலகைக்குப் போனது. நாம் இடது ஓரத்தில் இரண்டு போனால் அவர் இடது ஓரத்தில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று யார் சொன்னது? அவர் வலது ஓரத்தில் ஒரு கட்டம் வந்துவிட்டால்?

சக்கரத்தை நிறுத்தினான். மனதிலேயே காயை வைத்துப் பார்த்தான். இடது ஓரத்தில் ஒரு காலிக் கட்டம். வலது ஓரத்தில் ஒரு காலிக் கட்டம். நான் ஒன்றை அடைக்கிறேன். அவர் மற்றதை அடைக்கிறார். இப்போது முறை யாருடையது?

என்னுடையது.

பலகையில் காயை வைத்தே பார்த்தான். இரண்டு தடவை, மூன்று தடவை. வேறு வழி எதுவும் இல்லை. பாண்டுரங்கன் சொன்னபடி ஒரு கட்டம் போயிருந்தால் ராஜாங்கம் எந்தப் பக்கம் வந்தாலும் அடைத்திருக்கலாம். பாண்டுரங்கனுக்கு இந்த வலது ஓர ஆட்டம் கண்ணில் பட்டிருக்கவே வேண்டாம்.

மனைவி மெஹராஜ் பேகம் டிபனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். கடைக்குப் பின்னாலேயே வீடு.

“இன்னாங்க, மூஞ்சி இப்படி இருக்குது? ஜொரமா?”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சதுரங்கம் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் கேட்டாள்.

“அண்ணன் சொன்னத எழுதறேன்னு சொல்லிட்டு, அவரு போட்ட கையெழுத்துக்கு மேல வேற எழுதினீங்களா?”

“ம்.”

“ஜெயிச்சிருந்தா மட்டும் அது சரியா ஆயிருக்குமா?”

“இப்ப அத விடு மெஹராஜ். கார்டு இன்னிக்குத்தான் அவரு கைக்குப் போவும். பதினோரு மணிக்கு மேல. அதுக்குள்ள நான் போயிட்டா...”

“போயி?”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். தொண்டூர்க்காரர் சக்கரமில்லாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, “பாய்! ஏ பாய்!” என்று கூப்பிட்டது பின்னால் கேட்டது.

திருவண்ணாமலை பஸ் எட்டரைக்குக் கிளம்ப வேண்டியது. டிரைவர் டீ குடித்துவிட்டு ஒன்பதுக்கு எடுத்தார். கோட்டை மதில் பின்னால் போய் மறைந்ததும் மஜீத் கண்டக்டரிடம் மணி கேட்டான். ஆலம்பூண்டி தாண்டி மறுபடி கேட்டான். கீழ்ப்பென்னாத்தூரில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. எல்லாரும் இறங்கி மரத்தடியில் நின்றார்கள். மஜீத் மட்டும் கிளீனர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு போய், இரண்டு நடை தண்ணீர் கொண்டுவந்து கொட்டினான். பஸ் கம்பெனிக்காரன் போல என்று யாரோ சொன்னார்கள்.

தபால்காரரைத் தெருமுனையிலேயே பிடித்து, அந்தக் கார்டு என்னுடையது என்று சொல்லலாம். கொடுப்பாரா? கொடுக்க மாட்டார். ராஜாங்கத்திடமே சொல்லலாம். எழுதும்போது கை தவறிவிட்டது, ஒன்று என்பதற்கு இரண்டு என்று விழுந்துவிட்டது என்று சொல்லலாம். வாத்தியார் என்றால் நம்புவார். இதைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

பேகோபுரத் தெருவில் வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மணி பத்தே முக்கால். ராஜாங்கம் வாத்தியார் இல்லை. முப்பத்தைந்து வயதுத் தையல்காரர். முன்னறையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இஞ்சு டேப். மிஷினுக்குப் பக்கத்தில், சுவரில் அடித்த பலகையில் அதே ஆட்டம், அதே நிலையில் இருந்தது.

“யாருங்க?”

“செஞ்சியில இருந்து வர்றேன். மஜீத்.”

ராஜாங்கம் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த துணி கீழே விழுந்தது. இரண்டு கையாலும் மஜீதின் கையைப் பிடித்துக்கொண்டார். அதில் காய்ந்த கிரீஸ் இருந்ததை அவர் பார்க்கவேயில்லை.

“மஜீத் பாயா! பாண்டுரங்கன் சாரு வரலியா? உக்காருங்க, உக்காருங்க. இன்னாங்க, ஒரு கார்டு போட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பேனே!”

உள்ளே பார்த்துக் காபி போடச் சொன்னார். பிறகு மிஷினை விட்டு ஸ்டூலை இழுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். வார்த்தை நிற்காமல் வந்தது.

“எனக்கு இந்த ஊருல கூட ஆட ஆளே இல்லீங்க. ஒருத்தரு இருந்தாரு, வேலூருக்கு மாத்தலாயிப் போயிட்டாரு. உங்க கார்டு வந்துச்சுன்னா, நீங்க ரெண்டு பேரும் இன்னா பேசியிருப்பீங்கன்னு நானே பேசிப் பாப்பேன். இது பாண்டுரங்கன் சாரு ஆட்டம், அமைதியா இருக்குது. இங்க மஜீத் பாய் சண்டை போட்டிருப்பாரு. அப்படின்னு. என் சம்சாரம் சிரிப்பா. தைக்கும்போதே உங்க ரெண்டு பேரு குரல்லயும் பேசிக்கினு இருப்பேன். நெசமா உங்க குரலு எப்படி இருக்கும்னு தெரியாது. இன்னிக்குக் கேட்டுட்டேன்.”

மஜீத் காபியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். வாசலில் சைக்கிள் மணி அடித்தது. தபால்காரர் எட்டிப் பார்த்துக் கார்டை நீட்டினார். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவன் மஜீத்தான். கார்டு அவன் கைக்கு வந்தது.

தன் எழுத்து. பாண்டுரங்கனின் சாய்ந்த கையெழுத்து. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ராஜாங்கம் சிரித்துக்கொண்டே கையை நீட்டியிருந்தார்.

“நம்ம கார்டுதானே? ஆளும் வந்தாச்சு, கார்டும் வந்தாச்சு.”

மஜீத் கொடுத்தான்.

ராஜாங்கம் படித்தார். ஸ்டூலைத் திருப்பிப் பலகையைப் பார்த்தார். சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி வைத்தார். அவர் கண் இடது ஓரத்தில் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு வலது ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது. பார்த்துவிட்டார் என்று மஜீதுக்குத் தெரிந்தது.

“இது பாண்டுரங்கன் சாரு ஆட்டம் இல்லியே,” என்றார் ராஜாங்கம் மெதுவாக.

“இல்லீங்க. அவரு ஒரு கட்டம்னாரு. நானும் சரின்னேன். அவரு கையெழுத்துப் போட்டுட்டுப் போனப்புறம் நான் இப்படி எழுதிட்டேன். இன்னிக்குக் காலையிலதான் தப்பு தெரிஞ்சிது. கை தவறிடுச்சுன்னு உங்ககிட்டச் சொல்லலாம்னுதான் ஓடி வந்தேன்.”

“சொல்லலியே.”

“சொல்ல முடியல.”

ராஜாங்கம் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

“சொல்லியிருந்தா, சரி, ஒண்ணுன்னே வெச்சுக்கறேன்னு சொல்லியிருப்பேன். நான் அப்படித்தான். ஆனா அப்புறம் எப்படியோ தெரிஞ்சிருந்தா, உங்களோட ஆடியிருக்க மாட்டேன்.” டேப்பை மிஷின் மேல் வைத்தார். “இப்ப வந்த கார்டு வந்ததுதான். நான் என் ஆட்டத்தத்தான் போடணும். கோச்சிக்காதீங்க.”

“போடுங்க.”

“இன்னொண்ணு சொல்லட்டுமா? இந்தச் சிப்பாய விட்டுட்டு, வலது ஓரத்துல ரெண்டு கட்டம் போட்டிருந்தீங்கன்னாலும் எனக்குத் தோல்விதான். மூணு நாளா அதுக்குத்தான் பயந்துகினு இருந்தேன். அதப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசலியா?”

மஜீத் பலகையைப் பார்த்தான். வலது ஓரத்தில் இரண்டு. அங்கே அடைந்தது. அவர் இடது ஓரத்தில் ஒன்று. நான் இரண்டு. அங்கேயும் அடைந்தது. அவர் முறை. மூன்று நாள் வாதாடியதில் இரண்டு பேரும் இடது ஓரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

“பேசல,” என்றான்.

மாலை பஸ்ஸில் திரும்பி, ஆபீஸ் விடுகிற நேரத்துக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் நின்றான். பாண்டுரங்கன் குடையோடு வெளியே வந்தார். மஜீத் நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். பாண்டுரங்கன் நடந்துகொண்டே கேட்டார். கடைத்தெரு திரும்பும் இடத்தில் நின்றார்.

“நேத்து காலையில கேட்டேனே. போட்டுட்டியான்னு.”

“ஆமா அண்ணே.”

“அப்பவாவது சொல்லியிருக்கலாம். மத்தியானத்துல ஒருத்தனுக்கு ஏதோ ஒரு வேகம் வர்றது எனக்குப் புரியுது. ராத்திரி தூங்கி எழுந்து, கண்ணப் பாத்துப் பொய் சொன்ன பாரு...” குடையை மறு கைக்கு மாற்றினார். “நான் இத்தன மாசமா உன்ன ஜெயிச்சுக்கினு இருந்தேனா, மஜீது? அப்படியா இருந்துச்சு உனக்கு?”

அவர் போய்விட்டார்.

ராஜாங்கத்தின் கார்டு ஆறாம் நாள் வந்தது. வலது ஓரச் சிப்பாய், ஒரு கட்டம். மஜீத் கார்டை எடுத்துக்கொண்டு பாண்டுரங்கன் வீட்டுக்குப் போனான். தோல்வியை ஒப்புக்கொண்டு எழுதிவிடலாம் என்றான். பாண்டுரங்கன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“இல்ல. கடைசி வரைக்கும் ஆடு. அவரு ஜெயிச்சுக் காட்டட்டும்.”

அப்படியே ஆடினார்கள். கார்டு வரும் நாளில் பாண்டுரங்கன் கடைக்கு வருவார், பார்ப்பார், சொல்வதற்கு ஒன்றுமில்லாததால் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போடுவார். இப்போது அவரே கார்டைத் தபாலிலும் போட்டார். மஜீதுக்கு அந்த மௌனத்தில் இருக்கவே முடியவில்லை. எழுந்து நிற்பான், பம்பை இடம் மாற்றி வைப்பான், தெருவில் போகும் யாரையாவது கூப்பிட்டுப் பேசுவான். ஜனவரியில் அவர்கள் சிப்பாய் ராணியாவதற்கு முன்பே ராஜாங்கத்தின் சிப்பாய் ராணியானது. தோல்விக் கார்டை மஜீத்தான் எழுதினான்.

அடுத்த வாரம் பாண்டுரங்கன் ஒரு முடிவோடு வந்தார்.

“ராஜாங்கத்துக்கு எழுதிட்டேன். இனிமே ரெண்டு ஆட்டம். நான் தனியா அவரோட ஆடறேன். நீ தனியா ஆடு. உன் கார்டு உனக்கு, என் கார்டு எனக்கு. உன் ஆட்டத்துல நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

மஜீத் சரி என்றான். இதுதான் தனக்கு வேண்டியிருந்தது என்று ஒரு நாள் முழுக்க நினைத்தான். நினைத்ததை நினைத்தபடி எழுதி, கார்டு வந்த அன்றே பதில் போட்டான். மூன்று கார்டு அப்படிப் போனது. நான்காவது கார்டுக்கு என்ன பதில் போடுவது என்று தெரியவில்லை. இரண்டு சிப்பாய்களில் எதைத் தள்ளினாலும் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. மெஹராஜைப் பக்கத்தில் நிற்க வைத்து, “இது சரியில்லன்னு சொல்லு,” என்றான். “சரியில்ல,” என்றாள். “ஏன்?” என்றான். “நீங்கதானே சொல்லச் சொன்னீங்க,” என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கள் ஆடாமல் பலகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பாண்டுரங்கன் வீட்டுக்கு நடந்தான். அவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா இது?”

“என் ஆட்டம் அண்ணே. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா இங்க வெச்சு யோசிக்கிறேன். வீட்டுல வெளிச்சம் பத்தல.”

“காலை ஒன்பது மணிக்கா?”

“ஆமா.”

பாண்டுரங்கன் பேப்பரை உயர்த்திக்கொண்டார். மஜீத் பலகையை முக்காலியில் வைத்துவிட்டுச் சுற்றி நடந்தான். நடுச் சிப்பாயைத் தள்ளினான், பின்னுக்கு வைத்தான். குதிரைக்கு எதிரே நின்ற சிப்பாயைத் தள்ளினான். அதை அங்கேயே விட்டுவிட்டு, தானே பேசிக்கொண்டான். “இதான் சரி. இதையே எழுதிடறேன்.”

பேப்பர் ஒரு பக்கம் திரும்பியது. மறுபடி அதே பக்கத்துக்கு வந்தது. மஜீத் சட்டைப் பையிலிருந்து கார்டையும் பேனாவையும் எடுத்தான். மூடியைத் திறந்தான்.

“டேய்,” என்றார் பாண்டுரங்கன். பேப்பர் கீழே இறங்கியிருந்தது. “அத எழுதின, அவரு குதிரை உள்ள வந்து உக்காந்துடும். கண்ணு தெரியல உனக்கு?”

“எங்க வரும்? வழியே இல்லியே.”

“வழி இல்லியா? நகரு.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். மஜீத் எதிரே போய் நின்றான். பதினோரு மணிக்கு உள்ளேயிருந்து லட்சுமியம்மாள் வந்து, தெருவுக்கே சத்தம் கேட்கிறது, இரண்டு பேரும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.